சென்னைப் பக்கம் சாய்ந்த தட்டு

ஆனி மாதத்தின் இரண்டாம் வியாழன் மாலை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மனைவி இட்ட செய்தி இது: "ஞாயிறு காலை சவுக்குத்தோப்புத் திடல். யார் தட்டு தூரம் போகுதோ அவங்க என் ஜோடி." குழுவில் பலர் இருந்தாலும் செய்தி இருவருக்குத்தான்: எனக்கும், அவள் தம்பிக்கும்.

கல்பாக்கம் குடியிருப்பில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிற அத்தனை பேரும் ஒரே காரில் அடங்கிவிடுவோம். தட்டை எறிந்து எறிந்து, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் சங்கிலிக் கூடைக்குள் போட வேண்டும். அடுத்த வாரம் முட்டுக்காட்டு நண்பர்களுக்கு எதிராக ஜோடி ஆட்டம். எங்களில் நன்றாக எறிகிறவள் மனைவி. அவளோடு ஆடப்போவது கணவனா, தம்பியா? எனக்கு இது சின்னக் கேள்வி அல்ல. திருமணமான நாள் முதல் நாங்கள் இருவரும் ஒரே அணியில் நின்றதாக என் குறிப்புகளில் பதிவே இல்லை.

ஆகவே படித்துவிட்டுத்தான் தட்டு வாங்கினேன். எதிர்காற்றில் சாதாரணத் தட்டு வலப்பக்கம் கவிழும். 'ஓவர்ஸ்டேபிள்' டிஸ்டன்ஸ் டிரைவர் என்கிற தொலைவீச்சுத் தட்டு கவிழாது. வேகம் தணிந்த பிறகுதான் இடப்பக்கம் சாயும். எவ்வளவு சாயும் என்பதைத் தட்டில் அச்சிட்ட கடைசி எண் சொல்லும். கடற்கரைக்கு மூன்று போதும் என்று படித்தேன், நான்கு வாங்கினேன். எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியானாலும் குடையானாலும் தேவைக்கு ஒரு படி மேலே வாங்குவதுதான் வழக்கம். பாதுகாப்புக்கு.

ஞாயிறு காலை கடலைப் பார்த்து நின்று எறிந்தேன். தட்டு கொஞ்ச தூரம் போய், சட்டென்று இடப்பக்கம் திரும்பி மணலில் குத்தி நின்றது. மறுபடி எறிந்தேன். மறுபடியும் அதே.

"இன்னா மாமா, ஞாயித்துக்கெழம கூட உன் தட்டு சென்னைக்கே போய்கினு கீது?" என்றான் மச்சினன். இடப்பக்கம் வடக்கு, ஐ.டி. வேலைக்கு அவன் தினமும் போகிற திசை.

"கடைசி நம்பர் நாலுடா. கொஞ்சம் சாயத்தான் செய்யும்."

"கொஞ்சமா? சோழிங்கநல்லூர் சிக்னல்ல நிக்குது, போய் இட்டுகினு வா."

காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தட்டு வாங்கியது கடற்காற்றுக்கு. காலையில் வீசுவதோ நிலத்துக் காற்று. எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தது. பின்காற்று இந்த வகைத் தட்டை இன்னும் சீக்கிரம் இறக்கிவிடும். அதை மீறி ஓட்டும் வேகம் என் கையில் இல்லை. மச்சினன் தன் பழைய, தேய்ந்த தட்டை அலட்சியமாக வீசினான். அது என் தட்டைத் தாண்டி, கடைசிச் சவுக்கு மரத்தருகே போய் இறங்கியது.

"மத்தியானம் காத்து திரும்பும். அப்ப ஒரு தடவை பாக்கலாமே" என்றேன்.

"அடுத்த வார ஆட்டமும் காலையில ஏழு மணிக்குங்க. அந்நேரத்துக்குக் கடல்காத்த யாரு கூட்டியாறது?" என்றாள் மனைவி. தம்பி பக்கம் திரும்பி, "நீயே வாடா" என்றாள்.

"நீ ஸ்கோர் எழுது மாமா. தேதியெல்லாம் போட்டு அழகா எழுதுவ" என்று மச்சினன் எனக்கும் ஒரு பதவி கொடுத்தான்.

அன்று பிற்பகல் கடற்காற்று வந்ததும் தனியாகப் போய் ஒரே ஒரு முறை எறிந்தேன். தட்டு நேராகப் பறந்து கடைசிச் சவுக்கு மரத்தைத் தாண்டி விழுந்தது. மனைவியிடம் சொன்னேன். "யார் பாத்தாங்க?" என்றாள். யாரும் பார்க்கவில்லை. ஆகவே அந்த வீச்சு இன்றுவரை உறுதிசெய்யப்படாத செய்தி.