எலினெட் வீட்டுக் குண்டன்

ஒவ்வொரு விறகுக் கட்டையையும் திட்டிவிட்டுத்தான் எலினெட் பாரி அடுப்பில் போடுவாள். "போ, போய் அந்தக் குண்டனோட வயித்த நிரப்பு." பிறகு இரும்புக் கதவைக் காலால் தள்ளிச் சாத்துவாள். இடுப்பெலும்பு தேய்ந்த பிறகு குனிவது அவளுக்குப் பெரும்பாடு. பள்ளி வேனை ஓட்டிவிட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் முதல் வேலை இதுதான். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்குச் சுவர் வழியாக வசவு கேட்கும். எலினெட் வந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன்.

குண்டன் என்பது மாடியில் சின்ன அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் வெந்நீர்த் தொட்டி. ஆள் உயரம் இருக்கும். கீழே எரியும் அடுப்பு அதைச் சூடாக்கும். வெயில் வந்தால் கூரைமேல் இருக்கும் சூரியத் தகடுகளும் உதவும், எங்கள் மலையில் வெயில் வந்தால். அந்தச் சூடுதான் அறைகளை வெதுவெதுப்பாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய்களுக்கும் போகிறது. வைத்தவன் அவள் கணவன் இத்தெல். வைத்த சில ஆண்டுகளில் தெக்வென் என்ற இளம்பெண்ணோடு அடிவாரத்துப் புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டான். தொட்டி இங்கேயே நின்றுவிட்டது.

"குளிக்கிறதுக்குச் சுகம்தான், பொய் சொல்லக் கூடாது" என்பாள். "ஷவரைத் திறந்தா முதுகுல அருவி மாதிரி விழும். அடுப்பு அணைஞ்சாலும் விடியிற வரைக்கும் சூடு நிக்கும். கட்டினவனை விட இதை நம்பலாம்." அடுத்த மூச்சிலேயே, "ஜூலை மாசம் மாடில வந்து படுத்துப் பாரு, நெஸ்டா. ரொட்டி அடுப்புக்குள்ள படுத்த மாதிரி இருக்கும். ராத்திரி பகல்னு இல்லாம சூடு கசிஞ்சுக்கிட்டே இருக்கு. நான் விறகு வாங்குறது வீட்டுக்கா, இதுக்கா?" என்பாள்.

பழுது பார்க்க வருகிறவர்கள் அங்கே பின்னிக் கிடக்கும் குழாய்களைப் பார்த்ததும் போன் வந்ததுபோலக் காதில் கையை வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது இத்தெலுக்குத்தான் தெரியும். கழற்றி எடுப்பதென்றால் சுவரை இடிக்க வேண்டுமாம்.

அந்த அறையைப் பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினாள். சுவரை நோக்கிப் பேசினாள் என்று சொல்வதுதான் சரி. "குழந்தைக்குன்னு மஞ்ச பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தோம். வருஷக்கணக்கா வெறுமனே கிடந்துச்சு. 'சும்மாதானே கிடக்கு'ன்னு ஒருநாள் இத்தெல் காபி குடிச்சுக்கிட்டே சொன்னான். அடுத்த வாரம் இது வந்து நின்னுடுச்சு."

போன பிப்ரவரியில் பனி உறைந்து மின்கம்பிகள் அறுந்தன. பள்ளத்தாக்கு முழுவதும் மின்சாரம் இல்லை. எலினெட் வீட்டு ரேடியேட்டர்களும் பம்ப் ஓடாமல் சில்லிட்டுப் போயின. ஆனால் அடுப்புச் சூடு தானாக மேலேறித் தொட்டிக்குப் போனது. குழாயில் வெந்நீர் வந்தது, சின்ன அறை கதகதப்பாக இருந்தது. நான் வெந்நீர்ப் பை நிரப்பப் போயிருந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

வாசலில் இத்தெல் நின்றான். பின்னால் தெக்வென், அவள் கையில் கைக்குழந்தை. அவர்கள் வீட்டில் சூடு, தண்ணீர், சமையல் எல்லாமே மின்சாரம். தொட்டியெல்லாம் பழைய கதை, சூட்டை வீணடிக்கும் சனியன் என்று மதுக்கடையில் இத்தெல் சொல்லிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

"பாலத்துல மரம் விழுந்து கிடக்கு, எலினெட். டவுனுக்கும் போக முடியல. பாப்பாவுக்குக் கையெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு."

"உனக்குத்தான் தொட்டி ஆகாதாமே."

தெக்வென் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். எலினெட் அவளைத்தான் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றாமலே மாடி ஏறினாள்.

அலமாரியின் இழுப்பறை ஒன்றை உருவி, போர்வை விரித்து, தொட்டிக்கு அருகில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கன்னம் சிவந்தது. கையைக் காலை உதறித் தூங்கிப்போனது. விறகு எடுத்துவர இத்தெல் எழுந்தபோது, "நீ உக்காரு. இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது" என்றாள் எலினெட். அன்று முழுவதும் இடுப்பைப் பிடித்தபடி அவளேதான் சுமந்தாள். ஒரு கட்டையையும் திட்டவில்லை.

மறுநாள் மதியம் மின்சாரம் வந்தது. புறப்படும்போது இத்தெல் சின்ன அறை வாசலில் நின்று தொட்டியை மேலும் கீழும் பார்த்தான். "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல, இந்த ரூம்ல வெக்கிறதுதான் சரின்னு."

தெக்வென் எலினெட்டின் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, தலையைக் குனிந்துகொண்டாள். எலினெட் குழந்தையின் தொப்பி நாடாவை முடிந்து, குழந்தையைத் தெக்வென் கையில் கொடுத்தாள். "இறக்கத்துல வழுக்கும். பாத்துப் போம்மா."

கதவு சாத்தியதும் நான் விறகுக் கூடையை எடுத்தேன். "வேண்டாம், வெச்சிடு" என்றாள். மாடிக்குப் போய்க் குளியலறையின் வெந்நீர்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டாள். குளியல் தொட்டியில் துளி நீர் தங்காதபடி அடைப்பைப் பிடுங்கி எறிந்தாள்.

"எலினெட், குண்டன்ல இருக்கிற சூடெல்லாம் போயிடுமே."

"போகட்டும்."

குளியல் தொட்டியின் விளிம்பில் கோட்டோடு உட்கார்ந்தாள். நீராவி ஜன்னலை மறைத்தது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சில்லிட்டுவிட்டதா என்று அவ்வப்போது ஒரு விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.