சுத்தக் கறுப்பு

பட்டினப்பாக்கத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் லூர்துசாமிக்கு ஒரே ஒரு மனக்குறை. கிரிக்கெட் மேட்ச் என்றால் தெரு மொத்தமும் பக்கத்து வீட்டுச் சேரனிடம்தான் போய் உட்காரும். சேரனுடையது ஏழு வருடப் பழைய டீவி. "ஒரு தபாவாச்சும் நம்ம வூட்ல வந்து குந்துனாங்களா?" என்று என்னிடமே நூறு முறை கேட்டிருப்பான். நானும் சேரன் வீட்டுப் பாயில் உட்காருகிறவன்தான்.

புது டீவி வாங்குவதற்காக எட்டு மாதம் யூடியூப் பார்த்துப் படித்தான். எந்தப் பரீட்சைக்கும் இப்படிப் படித்தவனில்லை. எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி எல்லாம் பின்னால் விளக்குப் போட்டுப் படம் காட்டுகிறவையாம். ஓஎல்இடியில் புள்ளிக்குப் புள்ளி தானே எரிந்து தானே அணையுமாம். "அதுல கறுப்புன்னா சுத்தக் கறுப்பு" என்றான். அவன் மனைவி ஜெசிந்தா மீன் கூடையைக் கழுவியபடி, "கறுப்பப் பாக்கவா இம்மாந் துட்டு? கண்ண மூடினா ஓசில தெரியுமே" என்றாள்.

தி.நகர் கடைக்கு நானும் துணைக்குப் போனேன். டீவி பகுதியை சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டாக்கி வைத்திருந்தார்கள். விற்பனைப் பெண் சிந்து நல்ல பிள்ளை. "உங்க ஹால்ல வெளிச்சம் நிறைய வருமா சார்?" என்று கேட்டாள்.

"நம்ம வூட்ல கதவச் சாத்துறதே இல்லம்மா. எதுக்க கடல். காலைல சூரியன் நேரா உள்ள வந்துடும்" என்றான் பெருமையாக.

"அப்போ ஓஎல்இடி வேண்டாம் சார். மினி எல்இடி பாருங்க. வெலையும் கம்மி."

அங்கேதான் கெட்டது. கைலி கட்டி வந்தவனுக்கு மட்டமானதைக் காட்டுகிறாள் என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஓஎல்இடி. இருக்கறதுலயே பெருசு. அத்தயே போடு" என்றான். அந்தப் பெண் அவன் கைலியைப் பார்க்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் மேட்ச்; இங்கே ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. சர்ச்சில் பூசை முடிந்து தெருவே லூர்து வீட்டில் இறங்கியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டீவியில் மணல் தெரிந்தது, கடல் தெரிந்தது, நாங்கள் பதினாலு பேரும் தெரிந்தோம். ஆட்டக்காரர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. ஒருவன் சீப்பை எடுத்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டான்.

லூர்து எழுந்து கதவைச் சாத்தினான். படம் பிரமாதம், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் தெருவில் பகலில் கதவு சாத்தினால் உள்ளே சண்டை, அல்லது சாவு என்று அர்த்தம். ஐந்தே நிமிடத்தில் தெருமுனை வீட்டு ஆரோக்கியமேரி, "ஜெசிந்தா, இன்னா ஆச்சுடி?" என்று அழுதுகொண்டே கதவைத் தட்டினாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் அடுத்து இன்னொருத்தி. திறந்தால் படம் போச்சு, சாத்தினால் புழுக்கம். ஒவ்வொருவராகச் சேரன் வீட்டுக்கு நழுவினோம். அவனுடைய பழைய டீவி வெயிலிலும் சுமாராகத் தெரிந்தது. ஜெசிந்தாவும் வந்துவிட்டாள். லூர்துவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து போகவில்லை.

இருபதாவது ஓவரில் அவனே வந்து சேரன் வீட்டு வாசலில் நின்றான். ஜெசிந்தா தள்ளி உட்கார்ந்து பாயில் இடம் விட்டாள். அவன் உள்ளே காலெடுத்து வைக்கப் போனான்.

"நைனா, அங்கியே நில்லு" என்றான் சேரன். "நீ வெயில மறைக்கிறதாலதான் இப்போ படம் சூப்பரா கீது."

லூர்து கடைசிப் பந்து வரை அங்கேயே நின்றான்.