பெயருக்குப் பொருந்தாத எண்

வாடகைக் கார் நிறுவனத்தின் பதிவு அறையில் அவளுக்கு இது பதினாறாவது வருடம். வந்த புதிதில் ஃபோனை எடுத்து வண்டி அனுப்பும் வேலை. பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "ரெண்டு நாள் பாத்துக்க" என்று இவளை உள்ளே அனுப்பினார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. யாரும் கற்றுத் தரவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டி, எங்கெங்கே தப்பு நேர்ந்திருக்கிறது என்று பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டாள். எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துத்தான் படிப்பாள். ஓட்டுநர்களுக்கு அவள் ரூல்தடி அக்கா.

கணவருக்குத் தீராத குறை ஒன்று உண்டு.

"ஊர்ல யாரு எங்க போறாங்கன்னு அத்தனையும் உன் கையில. கட்டின புருஷனுக்கு ஒரு வம்பாவது சொல்றியா?"

"வம்பு வேணும்னா சலூனுக்குப் போங்க. அதுக்கு முன்னாடி வெங்காயத்த உரிச்சிட்டுப் போங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை விசாரணைப் பிரிவு அதிகாரி ஒருவர் கடிதத்தோடு வந்தார். ஒருவருடைய மூன்று மாதப் பயண விவரங்கள் வேண்டும். பெயர், ஃபோன் எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. எண்ணைத் தட்டினாள். திரையில் வேறு பெயர் வந்தது. ஒரு பெண்ணின் பெயர். பயணப் பட்டியலைத் திறக்காமல் கையை எடுத்துவிட்டாள்.

பின்னால் நின்ற மேலாளர், "நம்பர் இருக்குல்ல, எடுத்துக் குடும்மா" என்றார்.

"பேரும் இருக்கே சார். ரெண்டும் வேற வேற ஆளு."

"டைப் அடிச்சவன் கை தவறியிருப்பான்," என்றார் அதிகாரி. "ரெண்டு பேரோடதையும் குடுத்துடுங்க. வேண்டாதத நாங்க கிழிச்சுப் போட்டுடறோம்."

திரையில் வந்த பெண் எந்த வாசலில் ஏறினாள், எந்த வாசலில் இறங்கினாள், எத்தனை மணிக்குத் திரும்பினாள்: மூன்று மாதக் கணக்கும் போய்விடும். முகம் தெரியாத அந்தப் பெண் செய்த காரியம், இன்னொருவர் எண்ணைப் போல ஓர் எண்ணை வைத்திருந்தது மட்டும்தான். வெளியே போன காகிதத்தைக் கிழித்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

"இதுல எது தப்புன்னு நான் முடிவு பண்ணக்கூடாதுங்க. திருத்திக் கொண்டாங்க, கையோட தரேன்."

அதிகாரி கோபப்படவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டே, "சரி, சும்மா கேக்கறேன். அப்ப அது யாரு நம்பர்?" என்றார்.

பேச்சுவாக்கில் கேட்டதால் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"அதையும் எழுதிக் கேட்டாத்தாங்க சொல்ல முடியும்."

அவர் போனதும் மேலாளர் நெற்றியைத் துடைத்தார். "என் வேலைக்கும் சேத்து உலை வச்சிடாதம்மா." அவள் பதிவேட்டில் எழுதினாள்: 'பெயரும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. எதுவும் தரப்படவில்லை.' அந்தப் பெண்ணின் பெயரை அங்கேயும் எழுதவில்லை. அதன் பிறகு ஃபோன் அடிக்கும்போதெல்லாம் மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு அதிகாரியே திருத்திய கடிதத்தோடு திரும்பி வந்தார். காலைக் கடிதத்தின் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. இப்போது பெயரும் எண்ணும் ஒரே ஆளைக் காட்டின. நான்கு பக்கம் அச்செடுத்து, எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கினாள்.

"உங்ககிட்ட ஒரு காயிதம் வாங்கறதுக்கு ரெண்டு ஜோடி செருப்பு வேணும் போல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலாளருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "போகட்டும். காலைல வந்த அந்த நம்பர் யாரோடதும்மா? நமக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார்.

"எந்த நம்பர் சார்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.