பெரிய கிளார்க் தேர்ந்தெடுத்த கிடார்

குன்னூர் பஜாரில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் புதிதாக ஒரு மியூசிக் கடை வந்திருக்கிறது. போன வாரம் தம்பியின் பேத்தி என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கிடார் வேண்டும்; அகன்ற உடம்புள்ளதாக, முழு மரத்தில், அதுவும் கைக்கு அடங்கிய விலையில். "சாலிட் வுட்டுங்கம்மா, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றார் கடைக்காரர். நான் கண்ணைத் திறந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பைப் பார்த்தேன். மேல்பலகையில் ஓடுகிற ரேகை விளிம்பில் மடங்கி உள்ளேயும் இறங்கினால் அது ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை; எந்த வார்னிஷ் பூசினாலும் ஒட்டுப்பலகைதான். இதில் ரேகை இறங்கியது. அப்புறம் துளைக்குள் மூக்கை வைத்தேன். பேத்திக்கு மானம் போயிற்று. உள்ளே பிசினும் மரத்தூளும் கலந்த வாசனை. அந்த வாசனையோடு பெரிய கிளார்க்கின் முகமும் வந்து நின்றது. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

சுதந்திரம் வந்த பிறகும் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மிஞ்சியிருந்த காலம் அது. மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டர். சனிக்கிழமைகளில் உதவி மேனேஜரான சின்னத் துரையின் பங்களாவுக்குப் போய் அவர் மனைவி துரைசாணிக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். பதிலுக்கு அவள் எனக்குக் கிடார் சொல்லிக்கொடுத்தாள். அவள் தமிழ் கடைசிவரை தேறவில்லை. சமையல்காரரை "வாங்கோ" என்றும் போதகரை "வாடா" என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் விரல்கள் எப்படியோ தேறிவிட்டன. துளையின் விளிம்பைப் பார்க்கிற சூட்சுமம்கூட அவள் காட்டியதுதான்.

பங்களாவில் இரண்டு கிடார்கள் இருந்தன. ஒன்று பளபளப்பாக, நெஞ்சில் தென்னை மரமும் நிலாவும் வரைந்தது; விருந்து நாட்களில் துரை தோளில் மாட்டிக்கொள்வார். ஒட்டுப்பலகை. தட்டினால் செருப்புப் பெட்டிச் சத்தம் வரும். இன்னொன்று படம் ஏதும் இல்லாத, அகன்ற இடுப்புள்ள, பழுப்பேறிய கிடார். மலிவாக வாங்கியது என்று துரைசாணியே சொல்வாள். ஆனால் முழு மரம். தடித்த கம்பியை மீட்டினால் மடியெல்லாம் அதிரும். அது எனக்கு வேண்டும் என்று நான் தூக்கத்தில்கூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது பெரிய கிளார்க்குக்குத் தெரிந்துபோயிற்று. எஸ்டேட்டில் துரைக்கு அடுத்த ராஜா அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது, அப்பாவைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "என்னய்யா ஃபிட்டர், பொண்ணக் கூத்துக்கு உட்டுட்டியாமா? அடுத்த கொட்டாய் எந்த ஊர்ல?"

சனம் சிரித்தது. சிரிக்காவிட்டால் அவர் பார்ப்பாரே. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னால் வேலை போய்விடும். அடுத்த வாரத்திலிருந்து கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டிருந்தாலாவது ஆறியிருக்கும். அன்றைக்கே அந்த ஆளுக்குக் கணக்கு எழுதி வைத்தேன்.

அந்தப் பங்குனியில் சின்னத் துரை சீமைக்குப் புறப்பட்டார். துரைமார் போகும்போது வீட்டுச் சாமான்களைப் பங்களாப் புல்வெளியில் பரப்பிவிடுவார்கள். ஸ்டாஃப் எல்லோரும் முதலில் சுற்றிப் பார்க்கலாம். அப்புறம் உத்தியோக வரிசைப்படி ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொண்டு, ஒட்டியிருக்கிற சொற்ப விலையைக் கொடுக்க வேண்டும். முதல் ஆள் பெரிய கிளார்க். கடைசி ஆள் டீச்சர். துரைசாணி எனக்காகப் பழுப்புக் கிடாரை ஒதுக்கி வைக்கப் பார்த்தாள். எஸ்டேட் வழக்கத்தை அவளாலும் மீற முடியவில்லை.

நான் எதைத் தொட்டாலும் அந்த ஆள் அதைத்தான் எடுப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் தென்னை மரத்துக் கிடாரைத்தான் தொட்டேன். மடியில் வைத்துக்கொண்டேன், முந்தானையால் நிலாவைத் துடைத்தேன், துளையின் விளிம்பைப் பெரிய ஆராய்ச்சிபோல் உற்றுப் பார்த்து "அடேயப்பா" என்றேன். பக்கத்தில் கிடந்த பழுப்புக் கிடாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அழுதால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்பாவை நினைத்தேன், தானாக வந்தது.

பெரிய கிளார்க்கின் சம்சாரம் தையல் மெஷினுக்காக அவரை அனுப்பியிருந்தார். அவர் தையல் மெஷினைத் தாண்டி நேராக நடந்து வந்து தென்னை மரத்தின்மேல் கையை வைத்தார்.

"இது நமக்கு. டீச்சருக்கு வருத்தமில்லீங்களே?"

"உங்க இஷ்டமுங்க" என்று மூக்கை உறிஞ்சினேன். என் முறை வந்தபோது ஒரு தொப்பி ஸ்டாண்டும், ஓட்டை கம்பூட்ஸும், என் கிடாரும் மிஞ்சியிருந்தன.

ஆனி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் எஸ்டேட்டுச் சனம் நனைந்தது எல்லாவற்றையும் ஃபாக்டரி டிரையர் ரூமுக்குத்தான் கொண்டுபோகும்; கம்பளி, குழந்தைத் துணி, பைபிள்கூட. தேயிலை காய்கிற அனலில் எல்லாம் காயும். கிடார் ஊறிப்போயிற்று என்று பெரிய கிளார்க் அதையும் அங்கே அனுப்பி, டிரையர் வாய்க்கு நேராக மாட்டச் சொன்னார். மாட்டியது அப்பா. ஒரு வாரத்தில் பசை விட்டுப்போய் அடுக்குகள் பிரிந்தன. தென்னை மரம் ஒரு பக்கம் சுருண்டது, நிலா ஒரு பக்கம்.

"அய்யா சொன்ன எடத்துலதானுங்க மாட்டுனேன்" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து, நீண்ட நாளைக்குப் பிறகு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். என் கிடார் கம்பளிக்குள் என்னோடு படுத்திருந்தது.

அத்தோடு விட்டுவிடுகிற ஆளா நான்? கிறிஸ்துமஸ் காலை. பாடகர் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும்போது, வீட்டுக்காரர் வாசலில் இறங்கி, தலையில் இருப்பதை எடுத்துவிட்டு, பாட்டு முடியும்வரை நிற்க வேண்டும். எந்த ராஜாவானாலும் அதுதான் மரியாதை. புல்லெல்லாம் உறைபனி. பெரிய கிளார்க் குல்லாயும் மஃப்ளரும் இல்லாமல், வழுக்கைத் தலையோடு நின்றார். நான் கிடாரை மீட்டினேன். கடைசி அடி வந்ததும் முதல் அடிக்குத் திரும்பினேன். மறுபடியும் திரும்பினேன். குழுவில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். என் குரல் ஒன்றும் தேன் இல்லை என்பதும் சேர்த்துத்தான் தண்டனை. அவருடைய தாடை கிடுகிடுத்தது. உள்ளே போகவும் முடியவில்லை, நிறுத்து என்று சொல்லவும் முடியவில்லை.

விரல் மரத்து நான் நிறுத்தியபோது, பின்னால் நின்றிருந்த அப்பா முன்னுக்கு வந்தார். அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"குளுருதுங்களாய்யா? இன்னொரு பாட்டு இருக்குதுங்க."

அடுத்த ஞாயிறு அப்பா கோயிலில் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார்.

எல்லாம் போயிற்று. பெரிய கிளார்க் ரிட்டையர் ஆகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்ச் செத்துப்போனார். அவருக்கு முன்பே அப்பா போய்விட்டார். அந்தக் கோயில் இடிந்துபோயிற்று; ஸ்டாஃப் வீடுகளையும் இடித்து, பெரிய கிளார்க் குளிரில் நின்ற வாசல் வரைக்கும் தேயிலை நட்டுவிட்டார்கள். எதிரிகளை மன்னித்தாயிற்றா என்று போதகர் வந்து கேட்கிறார். மன்னிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். இத்தனை பேர் போனபிறகு, அப்பா அன்றைக்குத் தலைகுனிந்ததை ஞாபகம் வைத்திருக்கிற ஒரே ஆள் நான். நானும் மன்னித்துவிட்டால் அது நடக்கவே இல்லை என்றாகிவிடும்.