கர்னல் துடைக்காத இரண்டு பதக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து முடித்துவிட்டு இரண்டாம் தட்டுக்கு இறங்கியிருக்கிறார் கர்னல். தோளில் மஞ்சள் துணி, கையில் பஞ்சு. பதக்கம் ஒன்றை எடுக்கிறார், வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதுகிறார், துடைக்கிறார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு வைக்கிறார். அப்புறம் அடுத்தது. ஓரத்தில் கிடக்கும் இரண்டு வெண்கலப் பதக்கங்களிடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. அவற்றை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு மூன்றாம் தட்டுக்குப் போய்விடுகிறார். ஆறு மாதமாக இதே கதைதான்.

கர்னல் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ராணுவத்தில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. பதினெட்டு வயதில் ஆளெடுப்புக்குப் போனார், ஓடச் சொன்ன தூரம் ஓடினார், தாண்டச் சொன்ன உயரம் தாண்டினார். கடைசியில் டாக்டர் ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டு, சுவட்டைப் பார்த்து, "தட்டைக்கால். அடுத்த ஆளு" என்றுவிட்டார். "காலு சரியில்லன்னா என்ன, உக்காந்து சுடுற வேலை ஏதாவது குடுத்திருக்கலாம்ல?" என்று முப்பத்தைந்து வருடம் கழித்தும் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாரைக் கேட்கிறார் என்பது அவருக்கே வெளிச்சமில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்வது பாலிஷ் பட்டறை வேலை. கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பி எல்லாம் முலாம் பூசப் போவதற்கு முன்னால் அவர் கைக்கு வரும். சொரசொரப்பான எமரிச் சக்கரத்தில் ஒரு ஓட்டு, துணிச் சக்கரத்தில் ஒரு ஓட்டு, அவ்வளவுதான், முகம் பார்க்கலாம். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இராது. சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் கிடக்கும் ஸ்பூனைச் சட்டை நுனியால் தேய்க்கத் தொடங்கிவிடுவார். "இவரு கண்ணுல எது மங்கலாப் பட்டாலும் விடமாட்டாரு. என் மூஞ்சி ஒண்ணுதான் தப்பிச்சுது" என்பது அவர் மனைவியின் வழக்கமான பேச்சு.

முன்னறையில் உட்காரத்தான் இடம் கிடையாது, அலமாரிக்கு உண்டு. ஆறு தட்டு. பழைய தோட்டா உறைகள், தொப்பி முத்திரைகள், தண்ணீர்க் குடுவை, மூடி இல்லாத திசைகாட்டி, பதக்கங்கள். எல்லாம் பழைய இரும்புக் கடையில் மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தவை. வாசல் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூடு நிற்கிறது. அதில் மனைவி குடைகளைச் செருகி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எட்டவே நின்று, "வெடிச்சுகிடிச்சு வைக்காதே?" என்றால் கர்னலுக்கு உற்சாகம் வந்துவிடும். "உள்ள ஒண்ணுமே இல்ல, பாருங்க" என்று தோட்டா உறையை உதட்டில் வைத்து ஊதிக் காட்டுவார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் விசிலடிக்கும். வந்தவர் காப்பி குடிப்பதற்குள் பதினைந்து உறையாவது ஊதி முடித்துவிடுவார்.

பதக்கம் என்றால் மட்டும் அவருடைய குரல் தணியும். அதன் விளிம்பைச் சுற்றி, வாங்கியவரின் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். எது கிடைத்தாலும் அதை லென்ஸ் வைத்துப் படித்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். போன வருடம் அந்தப் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, 'இவர்களுடைய குடும்பத்தார் யாராவது இருந்தால் வந்து பார்க்கலாம்' என்று விலாசத்தோடு முன்னாள் படைவீரர் சங்கத்துப் பலகையில் ஒட்டிவிட்டு வந்தார். உண்மையைச் சொன்னால், யாராவது வந்து பார்த்து இரண்டு வார்த்தை மெச்சமாட்டார்களா என்கிற ஆசைதான்.

வருகிறவர்கள் கண்ணில் அழுக்காகப் படக்கூடாதே. அலமாரியிலேயே அதிகமாகக் கறுத்துக் கிடந்தவை அந்த இரண்டும். ஒரே போருக்குக் கொடுத்தவை, ஒரே மூட்டையில் வந்தவை, ரிப்பன்கூட இல்லாதவை. மறுநாள் அவற்றைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். அன்றைக்கு நூற்றைம்பது கதவுக் கைப்பிடி வேலை. அதோடு அதாக இவையும் சக்கரத்தில் ஏறி இறங்கின. கண்ணுக்கு முகப்புதான் தெரிந்தது. விரலோ பழகிய பழக்கத்தில் விளிம்பையும் சேர்த்துச் சக்கரத்தில் காட்டிவிட்டது. சாயங்காலம் இரண்டும் புதுத் தங்கம் மாதிரி மின்னின. அவருக்கும் பெருமை பிடிபடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண்மணி வந்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், ஐம்பது வயதிருக்கும். பையிலிருந்து மடிப்பு கிழிந்த கடிதம் ஒன்றை எடுத்தார். அப்பா போரில் இறந்தபோது அவர் எட்டு மாதக் குழந்தை. உடல் வரவில்லை. இந்தக் கடிதமும் ஒரு பதக்கமும்தான் தபாலில் வந்தன. அண்ணன் வீடு மாற்றும்போது பழைய பெட்டியை இரும்புக் கடையில் போட்டிருக்கிறார், பதக்கம் உள்ளே இருந்தது தெரியாமல். கடிதத்திலிருந்த எண்ணையும் கர்னலின் நோட்டிலிருந்த எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

"எது அண்ணே?" என்றார்.

"இதோ" என்று கர்னல் ஒன்றை எடுத்து, விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினார். வழுவழுவென்றிருந்தது. மற்றதை எடுத்தார். அதுவும் வழுவழு. லென்ஸைத் தேடினார், கையிலேயே இருந்தது. நோட்டைப் புரட்டினார். பெண்மணியின் அப்பா பெயருக்கு எதிரே, 'இடது ஓரம் சிறு நசுங்கல்' என்று அவர் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு. அப்பாடா என்று ஓரத்தைத் தடவினார். அப்புறம்தான், பாலிஷுக்கு முன்னால் அந்த நசுங்கலை மரச் சுத்தியலால் தட்டிச் சீர்படுத்தியதும் தாமேதான் என்பது ஞாபகம் வந்தது. திருதிருவென்று விழித்தார்.

மனைவி சமையலறைக்குக் கூப்பிட்டாள். "ஏங்க, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? இதுதான்னு ஒண்ணைக் குடுங்க. அந்தம்மா நிம்மதியாப் போகட்டும்."

"அது வேற ஆளோடதா இருந்தா?"

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

தெரியாதுதான். அதுதான் அவரைப் போட்டுக் குடைந்தது. கொடுத்தால் பாதி பொய், கொடுக்காவிட்டால் முழுப் பாவம். இரண்டையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு முன்னறைக்கு வந்தார். பட்டறை, சக்கரம், கைப்பிடி, சுத்தியல் எல்லாவற்றையும் மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தார். "நல்லது செய்யறோம்னு நெனச்சு உங்கப்பா பேரை நானே அழிச்சுட்டேம்மா. ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருங்க."

பெண்மணி கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். கண் நிறைந்திருந்தது, ஆனால் வழியவிடவில்லை. "இன்னொருத்தர் பேரு என்ன அண்ணே?" என்று கேட்டார். கர்னல் நோட்டைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெயரைப் பெண்மணி வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவங்க வீட்டு மனுஷரை நான் எப்படித் தூக்கிட்டுப் போறது? அவங்களும் வரட்டும். ரெண்டு வீடுமா உக்காந்து பேசிக்கிறோம். அதுவரைக்கும் இங்கயே ஒண்ணா இருக்கட்டும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் கர்னலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டாமல் போனதை என்ன செய்வதென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளிம்பின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தார். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றில் ஏழு மாதிரி ஏதோ தெரிந்தது. ஆனால் இரண்டு எண்ணிலும் ஏழு உண்டு. அது ஏழா, கீறலா என்று மறுநாளே சந்தேகமும் வந்துவிட்டது. சங்கத்துப் பலகையில் இப்போது இரண்டாவது ஆளின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். மழையில் நனைந்தால் போய்ப் புதிதாக ஒட்டிவிட்டு வருகிறார். யாரும் வரவில்லை.

பெண்மணி மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வருகிறார். இன்றைக்கும் வந்தார். கர்னல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். பெண்மணி உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தக் கையைப் பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. மாறி மாறிப் பார்த்தார்.

"கறுக்க ஆரம்பிச்சிருச்சு அண்ணே."

"நான் தொடறதில்லம்மா."

"யாராச்சும் வந்தாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

பெண்மணி கட்டைவிரலால் இரண்டையும் ஒரே மாதிரி மெல்ல அழுத்திவிட்டு, அவரே தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கர்னல் வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். அலமாரியைச் சாத்தப் போனவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு பதக்கத்தின் நடுவிலும் வியர்வையோடு ஒரு கட்டைவிரல் ரேகை, வரி வரியாக. அப்படியே விட்டால் நாளைக்குள் வெண்கலத்தில் ஏறிவிடும், அப்புறம் லேசில் போகாது. அவருக்கா தெரியாது. தோளிலிருந்த துணி தானாகக் கைக்கு வந்திருந்தது. அதை நான்காக மடித்தார், இன்னும் ஒருமுறை மடித்தார், சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.