சம்பளத்தைக் கூட்டிச் சொன்ன சிவநேசன் அண்ணை

கல்லூரியில மாணவர் நிதி உதவி மேசையில இருக்கிறவளுக்கு முக்கால்வாசி நேரம் மற்றவையின்ர வெட்கத்தோட மல்லுக்கட்டுறதுதான் வேலை. எங்கட சனத்துக்கு ஏதாவது விளங்கப்படுத்தித் தொண்டை வத்தின ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும்.

வாசலுக்கு வராத கடன்

சிவநேசன் அண்ணைக்குக் கிழக்கு லண்டன்ல, ஃபாரஸ்ட் கேட் எண்ட இடத்தில ஒரு மரக்கறிக் கடையில வேலை. மகள் ஆரணிக்கு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில எஞ்சினியரிங் கிடைச்சிருந்தது. அங்க தங்கிப் படிக்கிறதெண்டால் செலவுக்கு அரசாங்கக் கடன் எடுத்தே ஆகவேணும். இல்லாட்டி லீட்ஸை மறக்கவேண்டியதுதான். கடன் எண்ட உடனேயே அண்ணை கதிரையை விட்டு எழும்பிட்டார்.

பிடிச்சு இருத்தினன். பிள்ளை படிச்சு முடிச்சு, ஒரு அளவுக்கு மேல உழைக்கத் தொடங்கினாத்தான் சம்பளத்தில கொஞ்சம் கொஞ்சமா வெட்டுவினம், உழைப்பில்லாட்டி கேக்கமாட்டினம், கனகாலம் போனால் மிச்சத்தைத் தள்ளியும் விட்டிடுவினம் எண்டு சொன்னன். அவர் என்னைச் சந்தேகமாப் பார்த்தார்.

"வாசல்ல வந்து கத்தாட்டி அது என்ன கடன், தங்கச்சி?"

பரமேஸ் அக்காவின்ர காது

அடுத்த கேள்வி வீட்டு வருமானம். வருமானம் குறைவெண்டால் கடன் கூடக் கிடைக்கும். கூடவெண்டால் குறைச்சுப்போடுவினம். அண்ணை பதில் சொல்ல முந்தித் திரும்பிப் பார்த்தார். வரிசையில அடுத்த ஆள், ஈஸ்ட் ஹாமில சீலைக்கடை வைச்சிருக்கிற பரமேஸ் அக்கா. அவவுக்குத் தெரிஞ்சால் லண்டனுக்கே தெரிஞ்ச மாதிரி. அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தொகை சொன்னார். என்ர மனேஜருக்கும் அவ்வளவு சம்பளம் இல்லை!

அப்பிடியெண்டால் ஆகக் குறைஞ்ச கடன்தான் வரும், லீட்ஸில அறை வாடகைக்கே காணாது எண்டன். பக்கத்தில இருந்த ஆரணியின்ர முகம் செத்துப்போச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு மனுசனை அங்கயே ஏசியிருப்பன், பிள்ளைக்காக அடக்கினன். பின்னால அக்கா பக்கத்தில நிண்டவவுக்குச் சொன்னது வடிவாக் கேட்டது.

"இவ்வளவு உழைக்கிறவர் என்ர கடையில மட்டும் ஏன் விலை குறைக்கச் சொல்லுறவர்?"

டேவிட்டின்ர அறை

தனிய வந்து சொல்லுங்கோ எண்டு கூப்பிட்டன், ஏலாது எண்டிட்டார். நானும் தமிழ்தானே! கடைசியில என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரப் பொடியன் டேவிட்டிட்ட அனுப்பிவிட்டன். கொஞ்ச நேரத்தில ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு வெளியில வந்தினம். உண்மைச் சம்பளம், தன்ர மனுசி முதுகு நோவால வேலையை விட்டது, வீடு வாங்கின மோர்ட்கேஜ் கடன் படுத்துற பாடு, எல்லாத்தையும் கொட்டியிருக்கிறார்.

அவனுக்குச் சொல்ல மட்டும் வெட்கமில்லையோ எண்டு கேட்டன். அண்ணை என்னைப் பாவம்போலப் பார்த்தார்.

"அவன் எங்கட கலியாண வீட்டுக்கு வரமாட்டான், தங்கச்சி."

ரோல்ஸ் பெட்டி

கோடையில முடிவு வந்தது. ஆகக் கூடின கடன். ஆரணி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள், எனக்கும் கண் கலங்கிப்போச்சு. அவ்வளவு சந்தோசம். அடுத்த நாள் அண்ணை பெரிய பெட்டியில சுடச்சுடப் பொரிச்ச ரோல்ஸோட வந்து, வரிசையில நிண்ட எல்லாருக்கும் குடுத்தார். மகனின்ர அலுவலா நிண்ட பரமேஸ் அக்காவுக்கு ரெண்டு.

ஏதோ பரிசு விழுந்த மாதிரி, அரசாங்கம் ஆகக் கூடக் குடுத்தது தங்கட பிள்ளைக்குத்தான் எண்டு அவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போக, அக்கா வாயில ரோல்ஸோட என்ர மேசைக்கு ஓடிவந்து குனிஞ்சா.

"அவையை விட எங்களுக்கு வருமானம் குறைவு, பிள்ளை, வடிவாப் பாரும்."

அண்டு தொடக்கம் ஈஸ்ட் ஹாம் முழுக்க என்ர மேசையில உண்மையைத்தான் சொல்லுது, அதுவும் பக்கத்து ஆளுக்குக் கேக்கிற மாதிரி.