அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற நாலு

தபிதாள் நன்றாக நிரல் எழுதுவாள். நன்றாகப் பேச வராது. படிப்பு முடிந்ததும் அரக்கோணத்தில் ரயில் ஏறி சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தாள். நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்து அலுத்துப்போய், திருத்தணியிலேயே கிணற்று மோட்டாருக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தாள். சர்ச்சில் "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்பவர்களிடம் "அமையலை" என்பாள். அதோடு சரி. எனக்கு அவளைப் பிடிக்கும். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

பெட்டியின் வேலை இதுதான்: கிணற்றில் தண்ணீர் இருந்தால் மோட்டாரை ஓட விடும், வற்றினால் நிறுத்தும். மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும் என்று இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் பெட்டியை, கரண்ட் வந்ததும் தானாக ஓடும் 'ஆட்டோ' நிலையில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பக்கத்தில் டைரக்ட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் பெட்டியின் பேச்சு எடுபடாது.

மே மாதம் கே.ஜி.கண்டிகையில் முனியனின் மோட்டார் வறண்ட கிணற்றில் ஓடி எரிந்துபோனது. பெட்டி தப்புப் பண்ணாது, யாரோ டைரக்டில் போட்டுவிட்டு மறுபடி ஆட்டோவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று முனியன் முடிவுகட்டினார். அன்று காலை ஓஸ் பைப் எடுக்க மோட்டார் கொட்டகைக்குப் போனவள் மருமகள் கவிப்பிரியா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள்தான் என்று ஆகிவிட்டது. கரும்பு காய்ந்தது, பழி அவள்மேல் ஏறியது. தொடவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. புருஷன் ஆனந்தன் சொன்னதுதான் அவளுக்கு ஆறவேயில்லை. "நைனாகிட்ட வாயாடாத. தொட்டேன்னு ஒத்துக்கோ, முடிஞ்சிபோவும்."

பெட்டியைப் பார்க்க வந்த தபிதாள் கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். கவிப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, நான் தொட்டனா இல்லையான்னு அதுல தெரியுமா?"

"பாத்துகினு இருக்கேன்."

தெரிந்தது. கிணற்றிலிருந்து பெட்டிக்கு ஐந்து எண்கள் வரிசையாக வரும். இரண்டாவது நீர்மட்டம், கடைசி மின்னழுத்தம். ஒவ்வொன்றும் நினைவகத்தில் நாலு பைட் இடம் பிடிக்கும். வரிசையின் தொடக்கத்தை ஒரு பாயிண்டர் சுட்டிக்கொண்டிருக்கும். அது ஒற்றை பைட்டைச் சுட்டும்போது நாலு கூட்டினால் நாலு பைட் நகர்ந்து நீர்மட்டத்தில் நிற்கும். பிறகு அதை முழு எண்ணைச் சுட்டுவதாக மாற்றிப் படிக்க வேண்டும். தபிதாள் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தாள். தை மாதம் நிரலை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று ஓர் அடைப்புக்குறியை இடம் மாற்றினாள். சுட்டும் வகையை மாற்றுவது முதலில் நடந்தது. கூட்ட வேண்டிய நாலு அடைப்புக்குறிக்கு வெளியே நின்றுவிட்டது. முழு எண்ணைச் சுட்டும் பாயிண்டருக்கு நாலு என்றால் நாலு பைட் இல்லை, நாலு எண்கள். அது நேரே போய் மின்னழுத்தத்தில் நின்றது. வகையை நாமே மாற்றிச் சொன்னால், நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏன் என்று கேட்காது. கரண்ட் இருந்தால் தண்ணீரும் இருக்கிறது என்று பெட்டி நம்பியது. கிணறு நிறைந்திருந்த மாதங்களில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. சின்ன மாற்றந்தானே என்று இவளும் வற்றவிட்டுச் சோதிக்கவில்லை.

தபிதாள் உடனே பட்டறை முதலாளிக்குப் போன் செய்தாள்.

"அவங்களே டைரக்ட்ல போட்டோம்னு சொல்றாங்கல்ல? அப்படியே வுட்டுட்டு வாம்மா. மத்த ஊர்ல தெரிஞ்சா நம்ம கதி?"

தபிதாள் போனை வைத்தாள். முனியனையும் ஆனந்தனையும் கூப்பிட்டு, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"கெணத்த எட்டிப் பாருங்க. தண்ணி கீதா?"

"ஏது?" என்றார் முனியன்.

"இருக்குன்னு பெட்டி சொல்லுது பாருங்க. அப்படி எழுதி வெச்சது நான். உங்க மருமவ எதையும் தொடல."

முனியன் விளக்கையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று தபிதாள் நின்றாள். அவரோ, "மிசினுதானே, சரி வுடு. உங்க மொதலாளிகிட்ட சொல்லி வேற மோட்டார் போட்டுக் குடு" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "டீ வெய்மா" என்றார்.

ஆனந்தனுக்கு ஒரே சந்தோஷம். "முடிஞ்சிபோவும்னு நான் சொல்லல?"

கவிப்பிரியா உள்ளே போனாள். டீ வரவில்லை. துணிப்பையோடு அவள்தான் வந்தாள்.

"அக்கா, கனகம்மாசத்திரத்துல எங்கம்மா வூடு. வண்டில எறக்கி வுடறீங்களா?"

"இன்னாடி இது? அதான் நீ தொடலன்னு தெரிஞ்சிபோச்சே" என்றான் ஆனந்தன்.

"பெட்டி சொல்லித் தெரிஞ்சிது" என்றாள் அவள். "நான் சொன்னப்ப?"

தபிதாள் பையை வாங்கி வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டாள்.